செத்த காதலனை எழுப்பியது ஏ.ஐ., தெரியுமா?

2013-ல் திரையில் செத்துப்போன ஒருத்தன், 2025 ஆகஸ்ட் 1-ம் தேதி தமிழ்நாட்டுத் தியேட்டர்களில் கண்ணைத் திறந்து எழுந்தான். தெரியுமா? எழுப்பியது டைரக்டர் இல்லை. நடித்தவரும் இல்லை. ஏ.ஐ.! படத்தின் பெயர் 'ராஞ்ஜனா'. தனுஷின் முதல் இந்திப் படம்.

இந்தியில் 2013 ஜூன் 21-ல் வந்தது, ஒரு வாரம் கழித்துத் தமிழில் 'அம்பிகாபதி' ஆகி வந்தது. அந்தப் பெயரை யார் தேர்ந்தெடுத்தார்களோ, அவர்களுக்கு ஒரு பூச்செண்டு! கம்பர் மகன் அம்பிகாபதி கதையின் முடிவு நமக்குத் தெரியும். சோழ இளவரசி அமராவதி மேல் காதல், நூறு பாட்டுப் பாட வேண்டும் என்ற பந்தயம், கணக்குத் தப்பியதால் மரணம். சரி, இந்தித் தலைப்புக்குப் பின்னால் இருக்கிற ராஞ்ஜா? பஞ்சாபிகளின் ஹீர்-ராஞ்ஜா கதையில் அவனும் விஷத்தில்தான் முடிகிறான். இரண்டு மொழியிலும் தலைப்பிலேயே மரணத்தை எழுதி ஒட்டிய படம் இது. அதன் நாயகனைத்தான் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து எழுப்பி உட்கார வைத்தார்கள்!

தனுஷின் இந்தியில் தமிழ் வாடை அடிக்குமே, அதற்குக் கதையிலேயே காரணம் வைத்திருந்தார்கள், கவனித்தீர்களா? நாயகன் குந்தன், காசியில் குடியேறிய தமிழ்ப் புரோகிதரின் பிள்ளை. கதாசிரியர் ஹிமான்ஷு ஷர்மா வசதிக்காகக் கட்டிய கதை என்று நினைத்துவிடாதீர்கள். காசியில் அனுமான் காட், கேதார் காட் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. குமரகுருபரர் நிறுவிய மடம் இருக்கிறது, நகரத்தார் சத்திரம் இருக்கிறது. பாரதியார் இளம் வயதில் அத்தை வீட்டில் தங்கிப் படித்ததும் அதே அனுமான் காட்டில்தான். குந்தனைக் காசி சந்துகளில் தேடினால் கிடைக்கவே கிடைப்பான்!

இனி விவகாரத்துக்கு வருவோம். சிறுவன் குந்தன் சிவன் வேஷத்தில் நவராத்திரி வசூலுக்குப் போன இடத்தில், தொழுதுகொண்டிருந்த ஸோயாவைப் பார்க்கிறான். அவ்வளவுதான், விழுந்தான்! வளர்ந்த பிறகும் விடுவதில்லை. தெருத்தெருவாகப் பின்தொடர்கிறான், அறை வாங்குகிறான், மணிக்கட்டை அறுத்துக்கொள்கிறான். வேறொருவனைக் காதலிக்கிறேன் என்று அவள் சொன்னதும், பின்சீட்டில் அவளை வைத்துக்கொண்டே ஸ்கூட்டரைக் கங்கைக்குள் விடுகிறான். கங்கைக்குள்! ரஹ்மான் இசையும் காசி வெளிச்சமும் சேர்ந்து அதையெல்லாம் அழகாக்கிவிடுவதுதான் வில்லங்கம்.

இதில் தேதிகளைப் பாருங்கள். 2012 டிசம்பரில் டெல்லியில் ஓடும் பேருந்தில் ஒரு பெண்ணுக்கு நடந்த பாலியல் கொடுமை. நாடே கொதித்தது. 2013 ஏப்ரலில் ஜனாதிபதி ஒப்புதலுடன் குற்றவியல் சட்டத் திருத்தம் வந்தது. பெண்ணை அவள் விருப்பத்துக்கு மாறாகப் பின்தொடர்வது, இந்திய தண்டனைச் சட்டத்தில் 354டி என்ற தனிக் குற்றமானது. முதல் தடவை சிக்கினால் மூன்று ஆண்டு வரை சிறை. அந்த மை காய்வதற்குள், ஜூனில், குந்தன் தியேட்டருக்கு வந்தான்! படம் வசூலை அள்ளியது, தனுஷுக்கு அறிமுக நடிகருக்கான ஃபிலிம்ஃபேர் விருதும் கிடைத்தது. பின்தொடர்தலைக் காதல் என்று விற்கிறார்கள் என்ற கண்டனமும் கூடவே வந்தது. குந்தனுக்காக உருகும் பிந்தியாவாக நடித்த ஸ்வரா பாஸ்கரே, அந்தக் கண்டனத்தில் நியாயம் இருக்கிறது என்று பிற்பாடு ஒப்புக்கொண்டார். பாகிஸ்தானிலோ படத்துக்குத் தடை. காரணம் பின்தொடர்தல் இல்லை, முஸ்லிம் பெண்ணையும் இந்துப் பையனையும் சேர்த்துக் காட்டிய கதை.

என்னைக் கேட்டால், இந்தப் படத்துக்கு இருந்த ஒரே தற்காப்பு அதன் முடிவுதான். குந்தன் செய்த வேலையால் ஸோயாவின் காதலன் உயிரே போகிறது. பிறகு குந்தன் டெல்லிக்குப் போய், மாணவர் கட்சிக்காரர்களுக்கு டீ ஊற்றி, மெல்ல மேலே வந்து, கடைசியில் ஸோயாவுக்குத் தெரிந்தே விரிக்கப்பட்ட வலையில் தெரிந்தே போய் விழுகிறான். குண்டடிபட்டுக் கிடக்கும்போது அவன் குரல் மட்டும் பேசுகிறது. எழுந்துவிட முடியும், ஆனால் மறுபடியும் காதலித்து மறுபடியும் மனம் உடைவதற்கு யாருக்குத் தெம்பு என்கிறது. எழ வேண்டாம் என்று அவனே எடுத்த முடிவு அது! செய்ததற்கெல்லாம் அவன் கொடுத்த ஒரே விலையும் அதுதான். ஏ.ஐ. அந்த விலையைத்தான் தள்ளுபடி செய்தது.

முடிவை மாற்றிய விஷயம் டைரக்டர் ஆனந்த் எல். ராய்க்கே செய்தி ஊடகம் வழியாகத்தான் தெரிய வந்ததாம்! படத்தின் ஆன்மாவையே பறித்துவிட்டார்கள், தெளிவாக எதிர்ப்புச் சொல்லியும் வெளியிட்டார்கள் என்று தனுஷ் அறிக்கை விட்டார். படத்தைத் தயாரித்த ஈராஸ் நிறுவனமோ உரிமை எங்களிடம் இருக்கிறது என்றது. இங்கேதான் பலருக்குத் தெரியாத சங்கதி. இந்தியாவின் 1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி ஒரு சினிமாவின் 'ஆசிரியர்' தயாரிப்பாளர்தான். டைரக்டர் இல்லை! வெயிலில் நின்று எடுத்தவருக்குச் சட்டத்தின் கண்ணில் அந்தப் பெயர் கிடையாது.

இதைவிட வேடிக்கை வேண்டுமா? அதே 2025 ஜூனில் இத்தாலியின் போலோன்யா திரைவிழாவில் 'ஷோலே' திரையிட்டார்கள். 1975-ல், எமர்ஜென்சி காலத்துத் தணிக்கை மாற்றச் சொன்ன க்ளைமாக்ஸை, மாற்றுவதற்கு முன் எடுத்தபடியே மீட்டுச் சேர்த்து! அந்தப் பக்கம் ஐம்பது வருஷம் கழித்துத் தேடித் துடைத்து அசல் முடிவைத் திரும்பக் கொண்டுவருகிறார்கள். ஐந்து வாரம் கழித்து இந்தப் பக்கம், கையில் பத்திரமாக இருந்த அசல் முடிவைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டுகிறார்கள்.

இன்னொன்று. அந்த ஆகஸ்டில் மாற்றி வெளியிட்டது தமிழ்ப் பதிப்பை. 'சேது'வையும் 'காதல்' படத்தையும் 'பருத்திவீரனை'யும் ஓட வைத்த ஊருக்கு, சோகம் தாங்காது என்று எந்தப் புண்ணியவான் சொன்னாரோ!