டேலியாவை மொட்டில் வெட்டாதீங்க!

முதல் வருஷம் நான் செய்த தவறு இதுதான். ரோஜாவைப் போலவே டேலியாவையும் மொட்டாக வெட்டி, கோத்தகிரியிலிருந்து கடைக்கு அனுப்பினேன். ஒன்றுகூட விரியவில்லை, பஸ் கட்டணம்கூடத் தேறவில்லை. டேலியா மொட்டு, வெட்டிய பிறகு பெரும்பாலும் மலராது.

மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட இந்தக் கிழங்குச் செடிக்குக் குளிர்ச்சியான மலைப்பகுதி ஏற்றது. வெயில்படும், தண்ணீர் தேங்காத இடமாகத் தேர்வு செய்யுங்கள். கழுத்துப் பகுதியில் ‘கண்’ உள்ள கிழங்கை 2 அடி இடைவெளியில், அரை அடி ஆழத்தில் நடவேண்டும். கண் இல்லாத கிழங்கு முளைக்காது. முளை வரும்வரை தண்ணீரைக் குறைத்துக் கொடுங்கள். அதிகமானால் கிழங்கு அழுகிவிடும். முட்டுக்குச்சியை நடும்போதே ஊன்றிவிடுங்கள். பிறகு ஊன்றினால் கிழங்கில் குத்தும். நான்கு ஜோடி இலைகள் வந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக்கிளைகள் பெருகும்.

முக்கால் பங்குக்கு மேல் விரிந்த, பின் இதழ்கள் வாடாத பூவை விடியற்காலையில் வெட்டுங்கள். நீளமான காம்போடு, இலை ஜோடிக்குச் சற்று மேலே வெட்டி, உடனே தண்ணீரில் வைத்தால், நான்கைந்து நாள்கள் தாங்கும். பூவைச் செடியிலேயே விட்டால் விதை பிடித்துப் பூப்பு குறையும். வெட்ட வெட்டத்தான் பூக்கும். இப்போது அருகிலுள்ள கடைக்கு மட்டும், விரிந்த பூவாகவே கொடுக்கிறேன்; ஒன்றும் திரும்பி வருவதில்லை.