மலைமரமும் தொட்டியும்

ஜப்பானியர் போன்சாய் என்னும் குறுமரங்களை விதையிலிருந்து மட்டும் வளர்த்தாரல்லர். காற்றும் பனியும் குறுக்கிய மரங்களை மலையிலிருந்தே பெயர்த்து வந்தனர். அதற்கு யமதோரி என்று பெயர். ஷிகோகுத் தீவின் இஷிசுச்சி மலையிலும், பின்னர் இத்தோயிகவாவின் சுண்ணாம்புப் பாறைகளிலும் கயிற்றில் தொங்கியபடி ஷிம்பாக்கு என்னும் ஜூனிப்பர் மரத்தைத் தேடினார்கள். தவறி விழுந்து மாண்டவரும் உண்டு.

பெயர்ப்பது எளிது, பிழைக்க வைப்பதே அரிது. மரத்துக்கு நீரூட்டுவன பருத்த வேர்களல்ல, நுனியிலுள்ள மயிரிழை போன்ற வேர்த்தூவிகளே. மலைமரத்தில் அவை பாறையிடுக்கில் நெடுந்தொலைவு சென்றிருக்கும். ஆகவே அறிந்தவர் முதலாண்டில் அடிமரத்தைச் சுற்றிப் பாதி வேர்களை மட்டும் அறுத்துவிடுவர். அறுத்த இடத்தருகே புதுவேர் தோன்றும். மறுபாதி அடுத்த ஆண்டில். அதன் பின்னரே, மொட்டு விரியுமுன், தாய்மண்ணோடு எடுப்பர். பைன் மரமாயின் அதன் வேரோடு ஒட்டிவாழும் பூஞ்சையும் அம்மண்ணுடன் வந்தாக வேண்டும். தொட்டியில் இட்டதும் கிளைக்குக் கம்பி சுற்றும் அவசரம் ஆகாது. இரண்டு மூன்று ஆண்டுகள் சும்மா விட்டுவிட வேண்டும்.

நானோ, ஓய்வுபெற்ற ஆண்டில், இடிந்த சுவரில் நின்ற இச்சிக் கன்று ஒன்றைப் பிழைக்க வைத்த துணிவில், மலைச்சரிவின் முதிர்ந்த நெல்லி ஒன்றைச் சித்திரை வெயிலில் பெயர்த்து வந்தேன். இருபது நாளில் பட்டுப்போயிற்று. வேரின் தொழிலை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிய கைதான் அதன் வேரையும் வெட்டியது!

ஷிம்பாக்கு இன்று அம்மலைகளில் அரிதாகிவிட்டது. தோட்டக்காரர் கிளைத்துண்டு நட்டே வளர்க்கின்றனர். சுவரில் முளைத்த ஆலும் இச்சியும் எப்படியும் வெட்டப்படுவன. வீட்டுக்காரரிடம் கேட்டு, இப்பொழுது நான் அவற்றையே எடுத்து வருகிறேன்.