உஷார்! கால் பெடல் வாங்கப் போகிறீர்களா?

வீட்டில் பார்வையில்லாத பிள்ளை கீபோர்டோ கிட்டாரோ வாசிக்கிறதா? டோன் மாற்ற மிடி கால் கண்ட்ரோலர் வேண்டும் என்கிறதா? கொஞ்சம் பொறுங்கள். ஆன்லைனில் பார்த்தவுடன் ஆர்டர் போட்டுவிடாதீர்கள்!

விலை பார்க்கிறோம். சுவிட்சை எண்ணுகிறோம். காலுக்கு அது புரியுமா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

ஒரு கோயில் திருவிழாக் கச்சேரி. கீபோர்டில் பார்வையில்லாத ஒரு தம்பி. அருமையான கை. மைக் செட் பையன் வயரை இழுத்துக்கொண்டு குறுக்கே போனான். பெடலின் ‘அப்’ சுவிட்சில் அவன் கால் பட்டுவிட்டது. பேங்க், அதாவது டோன்களின் தொகுப்பு, ஒன்று தள்ளிப்போனது. தம்பிக்கு எப்படித் தெரியும்? பெட்டி வாயே திறக்கவில்லையே! தாலாட்டுப் பாட்டு, புல்லாங்குழல் வர வேண்டிய இடம். மிதித்தார். ட்ரம்பெட் அலறியது! பதறி அடுத்ததை மிதித்தார். டிரம்ஸ்! பாடகி நிறுத்திவிட்டார், கூட்டம் சிரித்துவிட்டது. கோளாறு பெட்டியின் அமைப்பில். அடுத்த கச்சேரிக்குக் கூப்பிடாமல் விட்டதோ தம்பியை.

பேங்க்தான் பெரிய பொறி. பெஹ்ரிங்கர் எஃப்சிபி1010 மாதிரிப் பெட்டியில் 10 பேங்க், பேங்குக்கு 10 டோன், ஆக 100 இடம். எந்த பேங்கில் நிற்கிறோம் என்பது சின்ன டிஸ்பிளேயில் எண்ணாக மட்டுமே தெரியும். கச்சேரிக்கு நூறு எதற்கு? ஒரே பேங்கில் அடங்கும் பத்துப் போதும். ‘அப்’, ‘டவுன்’ மேல் ஒரு மூடியை ஒட்டிவிடுங்கள்!

ஒரே சுவிட்ச் ஆனுக்கும் ஆஃபுக்கும் என்றால், அதுவும் ஆபத்து. எக்கோ ஓடுகிறதா இல்லையா என்று எல்இடி விளக்குக்குத்தான் தெரியும். ஆனுக்கு ஒன்று, ஆஃபுக்கு ஒன்று என்று தனித்தனியாக வையுங்கள். சுவிட்சுகள் நெருக்கியடித்து இருந்தால் தொடவே வேண்டாம். டச் ஸ்கிரீன் மாடலா? கிட்டேயே போகாதீர்கள்!

யூஎஸ்பி மட்டும் உள்ள பெடல் பெரும்பாலும் கம்ப்யூட்டரைத்தான் தேடும், கீபோர்டோடு நேரே பேசாது. உங்கள் கீபோர்டில் பழைய ஐந்து பின் மிடி சாக்கெட் இருந்தால், பெடலிலும் அது இருக்கட்டும். புளூடூத் பெடலில் வேறொரு வம்பு: பல பெடல்கள் அம்புக்குறி விசையைத்தான் அனுப்பும். ஐபேடில் திரையைப் படித்துச் சொல்லும் வாய்ஸ்ஓவரின் குயிக் நேவ் ஓடிக்கொண்டிருந்தால் அந்த அம்புக்குறியை அது பிடுங்கிக்கொள்ளும். நீங்கள் மிதிப்பீர்கள், பாட்டு நகராது!

அடாப்டரையும் அலட்சியமாக விடாதீர்கள். கிட்டார் பெடல்களில் பெரும்பாலும் நடு முனை நெகட்டிவ். கையில் கிடைத்த அடாப்டரைச் செருகினால் பெட்டி புகையலாம். பெடலோடு வந்ததில் ஒரு ரப்பர் பேண்ட் சுற்றிவையுங்கள், தடவியே எடுக்கலாம்.

கடைக்குப் பிள்ளையை அழைத்துப் போங்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத் தானே மிதித்துப் பார்க்கட்டும். நீங்கள் வழிகாட்ட வேண்டாம். கரண்டை நிறுத்திப் போட்டால் பெட்டி எந்த பேங்கில் விழிக்கிறது என்று பாருங்கள். எப்போதும் முதல் பேங்கில் விழித்தால் நல்லது. மேடையில் குழம்பினால் பிளக்கைப் பிடுங்கிச் செருகித் தப்பிக்கலாம்.

“எடிட்டர் சாஃப்ட்வேர்ல எல்லாம் மாத்திக்கலாம் சார்” என்பார்கள் கடைக்காரர்கள். சரி என்று தலையாட்டாதீர்கள்! திரையைப் படித்துச் சொல்லும் என்விடிஏ சாஃப்ட்வேர் இலவசம், பென் டிரைவிலேயே ஓடும். கொண்டுபோய் அங்கேயே அந்த எடிட்டரைத் திறக்கச் சொல்லுங்கள். பெயரே சொல்லாமல் “பட்டன், பட்டன், பட்டன்” என்று மட்டும் அது படித்தால், பில் போட விடாதீர்கள்.