கறுப்பு மணலில் ஓர் உலோகம்

விழிஞ்ஞம் கடற்கரைக்குப் போயிருக்கிறீர்களா? திருவனந்தபுரத்துக்குத் தெற்கே உள்ள மீனவர் ஊர் அது. இப்போது அங்கே பெரிய கப்பல் துறைமுகமும் வந்துவிட்டது. பக்கத்திலேயே கோவளம். அங்கே கலங்கரை விளக்கத்துக்குக் கீழே உள்ள மணலைப் பாருங்கள். வெளுத்த மணலுக்கு நடுவே கறுப்புக் கறுப்பாகக் கோடுகள் ஓடும். சில இடங்களில் மணலே கறுப்பாக இருக்கும்.

புதிதாக வருகிறவர்கள் அதை அழுக்கு என்று நினைப்பார்கள். அது அழுக்கு அல்ல. அது தாது. ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்தால் தெரியும். சாதாரண மணலைவிடக் கனமாக இருக்கும்.

தாது என்றால் என்ன?

உலோகங்கள் பூமியில் பெரும்பாலும் தனியாகக் கிடைப்பதில்லை. தங்கம் தனியாகக் கிடைக்கும். இரும்பும் அலுமினியமும் அப்படி அல்ல. அவை வேறு பொருள்களோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். துருப்பிடித்த அரிவாளைப் பார்த்திருப்பீர்கள். இரும்போடு காற்றில் உள்ள ஆக்சிஜனும் ஈரமும் சேர்ந்தால் துரு வருகிறது. இரும்புத் தாதுவும் ஏறக்குறைய அதே மாதிரிதான். இரும்பும் ஆக்சிஜனும் கலந்த கல் அது.

நம் கறுப்பு மணலில் அதிகம் இருப்பது இல்மனைட் என்னும் தாது. அதில் இரும்பு, டைட்டானியம், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்திருக்கின்றன. நூறு கிலோ இல்மனைட்டில் முப்பது கிலோவுக்கு மேல் டைட்டானியம் இருக்கிறது. டைட்டானியம் மிக நல்ல உலோகம். எடை, எஃகில் பாதியைவிடக் கொஞ்சம்தான் அதிகம். வலிமையில் எஃகுக்குக் குறைந்தது அல்ல. கடல் நீரில் எத்தனை ஆண்டு கிடந்தாலும் துருப்பிடிக்காது. உடைந்த எலும்பைச் சேர்க்க மருத்துவர்கள் வைக்கும் தகடுகளும் இதில் செய்யப்படுகின்றன.

கடல் புடைத்த மணல்

இந்த மணல் கரைக்கு எப்படி வந்தது? மேற்கு மலையின் பாறைகள் வெயிலிலும் மழையிலும் இலட்சக்கணக்கான ஆண்டுகளாக நொறுங்கின. ஆறுகள் அந்தப் பொடியைக் கடலுக்குக் கொண்டு வந்தன. மீதி வேலையை அலை செய்தது. அரிசியை முறத்தில் போட்டுப் புடைத்தால் உமி பறக்கும், அரிசி தங்கும் அல்லவா? அதுபோல அலை திரும்பும்போது இலேசான மணலை இழுத்துக்கொண்டு போகிறது. கனமான தாது கரையில் தங்குகிறது.

தொழிற்சாலையிலும் முதல் வேலை இதுதான். மணலைத் தண்ணீரோடு சேர்த்துச் சுருள் சுருளான வாய்க்காலில் ஓட விடுகிறார்கள். கனமான மணிகள் உட்பக்கம் ஒதுங்கும். அவற்றைக் காயவைத்து, மின்சாரத்தாலும் காந்தத்தாலும் வகை பிரிக்கிறார்கள். இல்மனைட்டைக் காந்தம் இழுக்கும். சிர்கான், ரூட்டைல் என்ற மற்றத் தாதுக்களை இழுக்காது. பழைய ஒலிபெருக்கியில் இருக்கும் காந்தம் கிடைத்தால் நீங்களே செய்து பார்க்கலாம். உலர்ந்த கறுப்பு மணலுக்குள் அதைத் துழாவி எடுங்கள். சில மணிகள் ஒட்டிக்கொண்டு வரும்.

கயிற்றில் ஒட்டிய மணல்

இந்த மணலின் மதிப்பு வெளியே தெரிந்த கதை வேடிக்கையானது. திருவிதாங்கூரிலிருந்து தேங்காய் நார்க் கயிறு ஜெர்மனிக்குப் போய்க்கொண்டிருந்தது. அதில் ஒட்டியிருந்த மணலை ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் கவனித்தார். அதில் மோனசைட் என்ற தாது இருந்தது. பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டில் உங்களுக்குத் தெரியும். அந்த நாளில் அது செய்ய மோனசைட்டில் உள்ள தோரியம் தேவைப்பட்டது. ஷோம்பர்க் தேடிக்கொண்டு இங்கே வந்தார். 1909ஆம் ஆண்டு மணவாளக்குறிச்சி மணலில் அதைக் கண்டுபிடித்தார். மணவாளக்குறிச்சி விழிஞ்ஞத்துக்குத் தெற்கே, குளச்சலைத் தாண்டி இருக்கிறது. இன்று அது கன்னியாகுமரி மாவட்டம். 1956 வரை அதுவும் திருவிதாங்கூரோடு சேர்ந்திருந்தது.

பிறகு இல்மனைட்டுக்கும் கிராக்கி வந்தது. உலோகத்துக்காக அல்ல, வெள்ளை நிறத்துக்காக! இல்மனைட்டிலிருந்து இரும்பை நீக்கிவிட்டால் டைட்டானியமும் ஆக்சிஜனும் சேர்ந்த வெள்ளைப் பொடி கிடைக்கும். படகுக்கு அடிக்கும் வெள்ளைப் பெயிண்டில் பெரும்பாலும் அதுதான் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்கு முன் உலகத்துக்குத் தேவையான இல்மனைட்டில் பெரும்பகுதி நம் கரையிலிருந்துதான் போனது. மணலாகவே போனது. அதில் செய்த பெயிண்டை நாம் விலை கொடுத்து வாங்கினோம்.

இங்கேயே பொடி செய்ய 1946இல் திருவனந்தபுரத்தில் ஒரு தொழிற்சாலை தொடங்கப்பட்டது. திருவிதாங்கூர் டைட்டானியம் தொழிற்சாலை என்று அதைச் சொல்வார்கள். கந்தக அமிலத்தில் இல்மனைட்டைக் கரைத்துப் பொடியைப் பிரிப்பது அதன் முறை. ஆனால் உலோகம்? அதற்கு இன்னும் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

ஏன் இவ்வளவு கடினம்?

இரும்பை எடுப்பது நம் முன்னோர்களுக்கே தெரியும். ஈரோடு மாவட்டம் கொடுமணலில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய இரும்பு உலைகளின் அடையாளங்கள் கிடைத்திருக்கின்றன. தாதுவையும் கரியையும் களிமண் உலையில் போட்டு, துருத்தியால் ஊதினார்கள். சூடான கரி, தாதுவில் இருந்த ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு புகையாகப் போனது. இரும்பு மிஞ்சியது.

டைட்டானியத்திடம் இது பலிக்காது. கரி ஆக்சிஜனைப் பிடுங்கினாலும், அந்த இடத்தில் கரியே போய் ஒட்டிக்கொள்கிறது. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கிய கதைதான். சூடாக இருக்கும்போது டைட்டானியம் காற்றையும் விடாது. ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் இழுத்துக்கொண்டு, தட்டினால் உடைகிற பொருளாகிவிடும். இங்கிலாந்தில் கிரிகோர் என்ற பாதிரியார் 1791இலேயே ஓடையில் கிடந்த கறுப்பு மணலில் இந்த உலோகம் இருப்பதைக் கண்டார். சுத்தமான உலோகத்தை முதலில் கண்ணால் பார்த்தது 1910இல்தான். நூறு ஆண்டுக்கு மேல் ஆனது.

வழி கண்டவர் லக்சம்பர்க் நாட்டின் குரோல். அவருடைய முறைதான் கேரளத்தில் கொல்லம் மாவட்டத்துச் சவறாவிலும் நடக்கிறது. அங்கே மாநில அரசின் கேரளா மினரல்ஸ் தொழிற்சாலை இருக்கிறது.

முதலில் இல்மனைட்டைக் கரியோடு வறுத்து, அமிலத்தில் ஊறவைத்து, இரும்பைக் கழற்றுகிறார்கள். அடுத்து, மிஞ்சியதைக் கரியோடு சேர்த்துச் சூடாக்கிக் குளோரின் வாயுவைச் செலுத்துகிறார்கள். குடிநீரில் கிருமியைக் கொல்லப் போடும் அதே குளோரின்தான். இப்போது ஆக்சிஜன் விலகுகிறது, குளோரின் வந்து சேர்கிறது. உலோகம் திரவத்துக்குள் போய்விடுகிறது! தண்ணீர் போல நிறமில்லாத திரவம். மூடியைத் திறந்தால் காற்றின் ஈரம் பட்டு, நெஞ்சை அரிக்கும் வெள்ளைப் புகை எழும்.

திரவமாக்கியதில் ஒரு நன்மை உண்டு. ரோஜாவிலிருந்து பன்னீர் வடிப்பது போல அதைக் காய்ச்சி வடிக்கலாம். 136 டிகிரியில் அது ஆவியாகும். கலந்திருக்கும் மற்றப் பொருள்கள் வேறு வேறு சூட்டில் ஆவியாகும். இப்படித்தான் அழுக்கு நீங்குகிறது. உலோகம் ஆன பிறகு அழுக்கை நீக்குவது மிகக் கடினம்.

கடைசியில் இரும்புப் பாத்திரத்தில் மக்னீசியத்தை உருக்கி, காற்றை முழுவதும் வெளியேற்றி, ஆர்கான் வாயுவை நிரப்பி, இந்தத் திரவத்தை விடுகிறார்கள். மக்னீசியம் குளோரினை எடுத்துக்கொள்கிறது. டைட்டானியம் தனியாகிறது. அது பாளமாக வராது. கடற்பஞ்சு போல ஓட்டை ஓட்டையாக, சாம்பல் நிறத்தில் வரும். இந்தப் பஞ்சை ஆண்டுக்கு 500 டன் செய்யக்கூடிய ஆலை 2011இல் சவறாவில் திறக்கப்பட்டது. ஹைதராபாத்தில் உள்ள பாதுகாப்புத் துறை ஆய்வுக்கூடம் தொழில்நுட்பத்தைக் கொடுத்தது. விண்வெளித் துறை பணம் கொடுத்தது. ராக்கெட்டில் வாயு அடைத்து வைக்கும் உருண்டைக் கலங்களுக்கு டைட்டானியம் வேண்டும். பஞ்சைக் காற்றில்லாத உலையில் உருக்கினால்தான் கலம் செய்ய முடியும்.

மணல் போனால்?

ஒன்றை மறைக்கக் கூடாது. வெள்ளைப் பொடிக்காக விட்ட அமிலக் கழிவு பல ஆண்டுகள் திருவனந்தபுரம் கடலில் கலந்தது. வேளிக் கரையில் நீர் செந்நிறமாக ஓடியதை மீனவர்கள் பார்த்தார்கள். மோனசைட்டில் உள்ள தோரியம் கதிர்வீச்சு உடையது. அதனால் அதை அரசு நிறுவனம்தான் கையாளுகிறது. தமிழ்நாட்டில் தனியார் கடற்கரையில் தாது மணல் எடுப்பதை 2013இல் மாநில அரசு நிறுத்தியது.

தாதுவை எடுத்த பிறகு மீதி மணலைத் திரும்பக் கொட்டுகிறார்கள். ஆனால் சவறா பக்கத்து ஆலப்பாடு ஊர் கடலுக்கும் காயலுக்கும் நடுவே ஒரு நாடா போல இருக்கிறது. கடலோரத்தில் மணல் எடுத்ததால் தங்கள் வீடும் நிலமும் கடலுக்குள் போய்விட்டன என்கிறார்கள் அந்த மக்கள். 2018இல் அவர்கள் தொடர் உண்ணாவிரதம் தொடங்கினார்கள். மணல் எடுக்கும் நிறுவனங்கள் இரண்டும் அரசுடையவை. வேலை வேண்டும் என்றவர்களும் அதே ஊரில் இருந்தார்கள், கரை வேண்டும் என்றவர்களும் அதே ஊரில் இருந்தார்கள்.