அட்டை பையிலே, பணம் பறந்தது! வெளியூர் போகிறவர்களே உஷார்!

ஒரு காலத்தில் ரெயிலில் போகிறவர்களுக்கு பிக்பாக்கெட் பயம்தான் பெரிய பயம். பணத்தை இடுப்பு பெல்ட்டில் செருகிக் கொண்டு, பெட்டியைத் தலைக்கு வைத்துப் படுப்பார்கள்.

இப்போது பையில் கைவிட வேண்டிய அவசியமே இல்லை. கிரெடிட் கார்டு சட்டைப் பையில் பத்திரமாக இருக்கும். பணம் மட்டும் மாயமாகி விடும்!

வெளியூர் போனவர் என்றால் இந்தக் கில்லாடிகளுக்கு லட்டு சாப்பிடுவது மாதிரி. புது இடம், அவசரம், தூக்கக் கலக்கம். இது போதாதா?

நள்ளிரவு போன்

லாட்ஜ் அறையில் ராத்திரி 11 மணிக்கு போன் மணி அடிக்கிறது.

"சார், ரிசப்ஷனிலேருந்து பேசறேன். உங்க கார்டு சரியா பதிவாகலை. நம்பரை மட்டும் சொல்லுங்க, நீங்க கீழே இறங்கி வர வேணாம்!"

குரலில் அவ்வளவு பணிவு! முன்னால் உள்ள 16 எண்களையும், பின்னால் உள்ள 3 எண்களையும் சொல்லி விட்டால் தீர்ந்தது கதை. பேசியவன் ரிசப்ஷனிலேயே இல்லை. வெளியே எங்கிருந்தோ லாட்ஜுக்கு போன் போட்டு, அறைக்கு இணைப்பு வாங்கிய ஆசாமி!

"நானே கீழே வர்றேன்" என்று சொல்லி போனை வைத்து விட வேண்டும். அதுதான் ஒரே வழி.

டிக்கெட் ரத்து செய்தவர்களுக்கும் இப்படி போன் வரும். "ரீபண்டு அனுப்பறோம், ஓ.டி.பி. சொல்லுங்க" என்பார்கள். ஆன்லைனில் வாங்கிய ரெயில் டிக்கெட்டை ரத்து செய்தால், எங்கிருந்து பணம் கட்டினீர்களோ அங்கேயே அது தானாகத் திரும்பி விடும். யாருக்கும் எந்த நம்பரும் சொல்ல வேண்டியதில்லை.

போலி வாய்

ஏ.டி.எம்.மில் கார்டு நுழைகிற இடத்தின் மேல் அச்சு அசலாக இன்னொரு போலி வாயைப் பொருத்தி விடுவார்கள். கார்டின் பின்னால் இருக்கும் கறுப்புப் பட்டையில் உள்ள விவரத்தை அது நகல் எடுத்து விடும். மேலே ஒளித்து வைத்த சின்ன கேமரா ரகசிய நம்பரைப் படம் பிடிக்கும். சிப் உள்ள கார்டை நகல் எடுப்பது கடினம். ஆனால் பட்டையும் அதே கார்டில் இருக்கிறதே!

போலி கார்டு எவ்வளவு தூரம் பாயும்? 2018 ஆகஸ்டில் புனேயைச் சேர்ந்த காஸ்மாஸ் கூட்டுறவு வங்கியில் சுமார் 94 கோடி ரூபாய் பறிபோனது. அதில் பெரும்பகுதியை போலி கார்டுகளை வைத்து 28 நாடுகளில் உருவி விட்டார்கள்!

கார்டு நுழையும் இடத்தைக் கையால் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் வேறு ஏ.டி.எம். பாருங்கள். நம்பரை அழுத்தும்போது இன்னொரு கையால் மறைத்துக் கொள்ளுங்கள். ஓட்டலில் சர்வர் கார்டை உள்ளே எடுத்துப் போக விடாதீர்கள். மிஷினை மேஜைக்குக் கொண்டு வரச் சொல்லுங்கள்.

சுவிட்சு உங்கள் கையில்

வெளிநாட்டு உபயோகம், ஆன்லைன், தொட்டால் பணம் போகும் வசதி - மூன்றையும் வாடிக்கையாளரே நிறுத்தவும் திறக்கவும் வழி செய்யும்படி 2020-ல் ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. சிங்கப்பூர், மலேசியா போகும்போது திறந்து, வந்ததும் மூடி விடலாம்.

இது ரொம்ப முக்கியம். பல வெளிநாட்டு கடைகள் ஆன்லைனில் ஓ.டி.பி. கேட்பதே இல்லை. 2021 ஜனவரி முதல் 5 ஆயிரம் ரூபாய் வரை ரகசிய நம்பர் இல்லாமலே தொட்டுப் பணம் கட்டலாம் என்று ஆகி விட்டது. தொலைந்த கார்டு திருடன் கையில் கிடைத்தால்?

3 நாள் கணக்கு

வியாபாரி ஒருவர் சரக்கு எடுக்க சூரத் போகிறார் என்று வைத்துக் கொள்வோம். திங்கட்கிழமை அவர் கார்டில் யாரோ 42 ஆயிரம் ரூபாய்க்குப் பொருள் வாங்கியதாக எஸ்.எம்.எஸ். வருகிறது. "ஊருக்குப் போய் பார்த்துக்கலாம்" என்று விட்டு விடுகிறார். அங்கேதான் கோட்டை விடுகிறார்!

2017 ஜூலை 6-ந் தேதி ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு இதுதான்: வங்கி மீதும் தப்பில்லை, வாடிக்கையாளர் மீதும் தப்பில்லை, வெளி ஆள் கைவரிசை என்றால், தகவல் வந்த நாளை விட்டு 3 வேலை நாளுக்குள் புகார் செய்தவருக்கு ஒரு பைசா நஷ்டம் இல்லை. அதாவது, இடையில் லீவு இல்லாவிட்டால், வியாழக்கிழமைக்குள்!

4 முதல் 7 நாள் ஆனால், 5 லட்சம் வரை லிமிட் உள்ள கிரெடிட் கார்டுக்கு 10 ஆயிரம் ரூபாய் வரையும், அதற்கு மேற்பட்ட கார்டுக்கு 25 ஆயிரம் வரையும் கையை விட்டுப் போகும். 7 நாளும் தாண்டினால், வங்கி வைத்த விதிதான்.

ஓ.டி.பி.யை நீங்களே சொல்லி விட்டால்? புகார் செய்யும் வரை போனது முழுவதும் உங்கள் தலையில். புகாருக்குப் பிறகு போவது வங்கியின் தலையில்.

தப்பு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்க வேண்டியது வங்கியின் பொறுப்பு. புகார் வந்து 10 வேலை நாளில் பணத்தைக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். 90 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்றும் அந்த உத்தரவு சொல்கிறது.

என்ன செய்யணும்?

எஸ்.எம்.எஸ். பார்த்த உடனே, இருந்த இடத்திலிருந்தே வங்கிக்கு போன் போட்டு கார்டை முடக்க வேண்டும். புகார் நம்பரைக் கேட்டு எழுதிக் கொள்ள வேண்டும். அடுத்த போன் 1930-க்கு. சைபர் குற்றப் புகாருக்கான நம்பர் அது. பணம் கைமாறுவதற்குள் நிறுத்தி வைக்க வழி உண்டு.

வங்கி 30 நாளில் பதில் சொல்லவில்லையா? ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேனிடம் புகார் கொடுக்கலாம். கட்டணம் கிடையாது.

இன்னொரு விஷயம். வங்கியின் நம்பர் போனில் மட்டும் இருந்தால் போதாது. போனும் கார்டும் சேர்ந்தே திருட்டுப் போனால் என்ன செய்வீர்கள்? ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி பெட்டிக்குள் போடுங்கள். இரண்டாவது கார்டு இருந்தால், அதையும் பெட்டியிலேயே வையுங்கள்!