நிழலோடு மூன்று நிமிடம்

முதல் நாள் எங்கள் வீட்டுப் பின்முற்றத்தில் முஷ்டி பிடித்து நின்றபோது, கிணற்றுக்கட்டில் உட்கார்ந்திருந்த தம்பி கேட்டான்: "யாரோட சண்ட ராத்தா?"

"யாரோடயும் இல்ல" என்றேன்.

"அப்ப ஏன் கைய ஆட்டுற?"

என்னிடம் பதில் இல்லை. கையை இறக்கிவிட்டு உள்ளே போனேன். அதற்குப் பிறகு நான்கு நாட்கள் அந்தப் பக்கமே போகவில்லை.

எதிரில் எவரும் இல்லாமல், ஒருவர் நிற்பதாக எண்ணிக்கொண்டு, காற்றில் குத்தியும் விலகியும் நகர்ந்தும் பழகுவதற்குப் பெயர் நிழற்குத்து. ஆங்கிலத்தில் ஷேடோ பொக்சிங் என்பார்கள். கையுறை வேண்டாம், மூட்டை வேண்டாம், மைதானமும் வேண்டாம். இரண்டு பாய் விரிக்கும் இடம் போதும். புதிதாகத் தொடங்குகிறவரும் செய்வார், உலக வீரரும் போட்டிக்கு முன் உடலைச் சூடாக்க இதையே செய்வார். இதில் கஷ்டமானது கையோ காலோ அல்ல, வெட்கம்தான். வெறும் காற்றைக் குத்தும்போது நம்மைப் பார்த்து நாமே சிரித்துவிடுவோம்.

எனக்கு இதைச் சொல்லித் தந்தவர் நானா. கொழும்பில் விடுதியில் தங்கிப் படித்த காலத்தில் பாடசாலைக் குழுவில் இரண்டு வருடம் பழகியவர். நம் நாட்டுக்குக் குத்துச்சண்டை புதிதல்ல. பாடசாலைகளுக்கிடையிலான ஸ்டப்ஸ் கேடயப் போட்டி நூறு வருடங்களுக்கு முன் தொடங்கியது. 1938இல் சிட்னியில் நடந்த எம்பயர் விளையாட்டுப் போட்டியில் இலங்கைக்கு முதல் தங்கத்தை வாங்கித் தந்தவர் பார்னி ஹென்ரிக்கஸ் என்ற குத்துச்சண்டை வீரர். 2018இல் கோல்ட் கோஸ்ட் பொதுநலவாயப் போட்டியில் 48 கிலோ பெண்கள் பிரிவில் அனுஷா கொடித்துவக்கு வெண்கலம் வென்றார். இந்தப் பெயர்களைப் பொது அறிவுக்காக மனப்பாடம் செய்திருப்போம். ஆனால் நம் வயதுப் பெண்களில் எத்தனை பேர் கடைசியாக எப்போது ஓடினோம்? என்னைக் கேட்டால், எட்டாம் வகுப்பு இல்ல விளையாட்டுப் போட்டி. அதன் பிறகு நடந்ததெல்லாம் பாலாவிச் சந்திக்கும் ரியூசன் வகுப்புக்கும் இடையில்தான். உயர்தரம் வந்த பிறகு அதுவும் குறைந்தது. மாலையில் கழுத்து வலிக்கும், இரவில் நித்திரை வராது. நானாவிடம் முறையிட்டபோதுதான் "எழும்பி நில்லு" என்றார்.

முதலில் நிற்கப் பழக வேண்டும். வலக்கைப் பழக்கம் உள்ளவர் இடக்காலை முன்னும் வலக்காலைப் பின்னும் வைப்பார். இடைவெளி தோள் அகலம். இரு பாதமும் ஒரே கோட்டில் இருந்தால் யாராவது விரலால் தள்ளினாலும் விழுவோம், ஆகவே சற்று விலகியிருக்க வேண்டும். முழங்கால் கொஞ்சம் மடங்கி, பின்குதிகால் கொஞ்சம் எழும்பி இருக்க வேண்டும். முஷ்டிகள் கன்னத்தின் உயரத்தில், முழங்கைகள் விலாவோடு, நாடி கீழே. பெருவிரலை மற்ற விரல்களுக்கு உள்ளே மறைக்கக் கூடாது, நிஜமாகவே எதிலாவது பட்டால் அது முறியும். முதல் இரண்டு நாளும் நான் ஒரு குத்துக்கூட விடவில்லை. அப்படியே நின்று, நகர்ந்து பழகினேன். முன்னே போக முன்கால் முதலில், பின்னே வரப் பின்கால் முதலில், இடப்புறம் போக இடக்கால் முதலில், வலப்புறம் போக வலக்கால் முதலில். கால்கள் ஒன்றையொன்று கடக்கவே கூடாது. சொல்ல எளிது. சமையலறை வாசலில் இருந்து கிணறுவரை போவதற்குள் எனக்கு நான்கு தடவை கால் பின்னியது.

பிறகு ஜாப். முன்னே இருக்கும் இடக்கை நேராகப் போய், வந்த வழியே கன்னத்துக்குத் திரும்ப வேண்டும். போவதைவிடத் திரும்புவதுதான் முக்கியம் என்பார் நானா. அடுத்தது கிராஸ். வலக்கை நேராகப் போகும். அதன் பலம் தோளில் இல்லை. பின்பாதம் திரும்ப, இடுப்பு திரும்ப, கடைசியாகத்தான் கை போகும். முழங்கையைக் கடைசிவரை விறைக்க நீட்டக் கூடாது. காற்றில் தடுக்க ஒன்றும் இல்லாததால் மூட்டுத்தான் அந்த இழுப்பைத் தாங்கும். ஹூக், அப்பர்கட் இரண்டையும் முதல் மாதத்தில் தொடாமல் விட்டாலும் நட்டமில்லை. ஒவ்வொரு குத்துக்கும் மூச்சை "ஸ்" என்று வெளியே விட வேண்டும். நான் வெட்கத்தில் சத்தம் வராமல் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். இருபதாவது நொடியில் தலை சுற்றியது.

நாம் செய்வது சரியா பிழையா என்று எப்படித் தெரியும்? பெரிய கண்ணாடி முன் நின்று பழகுவார்கள். எங்கள் வீட்டில் இருப்பது முகம் பார்க்கும் கண்ணாடி மட்டும். ஆனால் கிணற்றடியில் மேற்குப் பார்த்த வெள்ளைச் சுவர் ஒன்று உண்டு. மணிக்கூடு இல்லாத காலத்தில் அஸர் நேரத்தை நிழலை அளந்துதானே அறிந்தார்கள். எனக்கும் நிழல்தான் அளவுகோல் ஆனது. மஃரிபுக்கு முந்திய அரைமணி நேரம், களப்புப் பக்கம் வெயில் தாழும்போது, சுவரைப் பார்த்து நின்றால் என் உயரத்திலேயே ஒருத்தி எதிரில் நிற்பாள். முழங்கை வெளியே விரிந்தால் அவளுக்குச் சிறகு முளைக்கும். கை கன்னத்திலிருந்து இறங்கினால் முகத்தின் ஓரம் வெறுமையாகத் தெரியும். பக்கவாட்டில் திரும்பினால் உடல் முன்னால் சாய்வது தெரியும். ஐந்தாம் நாள் தம்பி மறுபடியும் வந்து கேட்டபோது சுவரைக் காட்டினேன். அவனும் பக்கத்தில் நின்று குத்தத் தொடங்கினான். சிரிக்க ஆள் இல்லாமல் போனதும் வெட்கம் பாதி போய்விட்டது.

மீதிப் பாதி போனது வேறு வழியில். எதிரில் ஒருவர் நிற்பதாக நினை என்று நானா சொன்னதும், மாதிரிப் பரீட்சையில் என் குறைந்த புள்ளியை எல்லோர் முன்னும் சத்தமாக வாசித்த ஒருவரை அங்கே நிறுத்தினேன். ஆவேசமாகக் குத்தினேன். அரை நிமிடத்தில் தோள் இறுகி, மூச்சு நின்று, கால்கள் ஒட்டிக்கொண்டன. "கோபத்தோட செஞ்சா கை மட்டும்தான் வேல செய்யும். முகம் தெரியாத ஒருத்தர வை, உன்னவிடக் கொஞ்சம் உயரம்" என்றார் நானா. அப்படி வைத்த பிறகுதான், அவர் கை வருகிறது, விலக வேண்டும், இப்போது இடைவெளி, ஜாப், பின்னே வா என்று மனம் கணக்குப் போடத் தொடங்கியது. கணக்கில் மூழ்கியவளுக்கு யார் பார்க்கிறார்கள் என்ற நினைப்பு வராது.

முஹம்மத் அலியின் கதை ஒன்று இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. 1961இல் மயாமியில் ஒரு நீச்சல் தடாகத்தின் அடியில் நின்று அவர் குத்துப் பழகும் படங்கள் லைஃப் சஞ்சிகையில் வந்தன. தண்ணீருக்குள் பழகுவது தன் வழக்கம் என்று படப்பிடிப்பாளரிடம் சொல்லியிருந்தார். உண்மையில் அவருக்கு நீந்தவே தெரியாது! நம் களப்பில் யாரும் இதை முயல வேண்டாம்.

பெற்றோருக்கு இரண்டு தயக்கம் இருக்கும். ஒன்று உடை. தெலங்கானாவின் நிசாமாபாத்தைச் சேர்ந்த நிகாத் ஸரீன் 2022இல் இஸ்தான்புல்லிலும் 2023இல் புது டில்லியிலும் உலகச் சம்பியன் ஆனவர். குட்டைக் காற்சட்டை அணிவதைப் பற்றி உறவினர்கள் பேசியபோது அவர் வாப்பா மகளின் பக்கம் நின்றார். அமெரிக்காவின் அமையா ஸஃபருக்கு 2016இல் வயது 16. ஹிஜாபும் நீண்ட கையும் அணிந்து வந்ததால் புளோரிடாவில் மேடையேற விடாமல் எதிராளிக்கு வெற்றி கொடுத்தார்கள். அந்த எதிராளிச் சிறுமி தனக்குக் கிடைத்த வெற்றிப் பட்டியை அமையாவோடு பகிர்ந்துகொண்டாள். 2019இல் சர்வதேசச் சங்கம் தன் விதியை மாற்றி ஹிஜாபை அனுமதித்தது. நம் பின்முற்றத்தில் விதி எதுவும் இல்லை. நான் வீட்டுச் சல்வாரோடுதான் பழகுகிறேன், சோலை மட்டும் இறுக்கிக் குத்திக்கொள்வேன்.

இரண்டாவது தயக்கத்தைச் சொன்னவர் என் உம்மும்மா. "முகத்துல அடிக்கிறது நம்ம மார்க்கத்துல கூடாதே மகள்" என்றார். ஹதீஸ் உண்டு, உண்மைதான். "இதுல யார்ர முகமும் இல்லையே உம்மும்மா" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப காத்துக்கு நோகாம அடி" என்றார். அவர் இளம் வயதில் கிழக்கில் சீனடி, சிலம்படி பார்த்தவர். கம்பு சுழற்றுகிறவரும் எதிராளி வருவதற்கு முன் தனியாகத்தான் சுழற்றுவாராம்.

ஒன்றை மறைக்கக் கூடாது. இது தற்காப்புக் கலை அல்ல. அடி வாங்கப் பழகாதவள், வீதியில் ஒருவன் வழிமறித்தால் நிழற்குத்தை நம்பி நிற்கக் கூடாது, ஓட வேண்டும். ஆனால் இப்போது எனக்கு ஓட மூச்சு இருக்கிறது. இழுப்பு, இருதய நோய், மூட்டு வலி உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

போட்டியில் ஒரு சுற்று மூன்று நிமிடம், அப்படி மூன்று சுற்று, நடுவே ஒரு நிமிட ஓய்வு. நான் ஒரு நிமிடத்தில் தொடங்கினேன். கைத்தொலைபேசியில் மணி வைத்துக்கொண்டு வாரத்துக்கு நான்கு நாள். மூன்று நிமிடத்தை எட்ட ஏழு வாரம் ஆனது. அன்று மூன்றாம் நிமிடத்தின் நடுவில் சமையலறை யன்னலுக்குள் இருந்து உம்மாவின் குரல் வந்தது. இத்தனை நாளும் ஒரு வார்த்தை சொல்லாமல் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவர்.

"வலக்கை இறங்குது பாரு."

சுவரைப் பார்த்தேன். இறங்கித்தான் இருந்தது.