புயல் வேறு, சுழல் காற்று வேறு

ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் ஆரணி, பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டார விவசாயிகளின் காதெல்லாம் வானிலை அறிக்கையில்தான். பலத்த காற்று எது அடித்தாலும் 'சூறாவளி' என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். பத்திரிகைகளும் அப்படியே எழுதுகின்றன. ஆனால் இந்த ஒரு பெயருக்குள் இரண்டு காற்றுகள் இருக்கின்றன.

முதலாவது புயல். கடல்நீர் 26, 27 டிகிரிக்கு மேல் சூடாக உள்ளபோது நீராவி மேலெழுகிறது, காற்றழுத்தம் குறைகிறது, சுற்றியுள்ள காற்று சுழன்றபடி உள்ளே பாய்கிறது. அமெரிக்காவில் ஹரிகேன் என்பதும், ஜப்பான் பக்கம் டைபூன் என்பதும் இந்த இனமே. பல நூறு கிலோமீட்டர் அகலம், பல நாள் ஆயுள். கரையேறியதும் நீராவி வரத்து நின்று தளர்ந்துவிடும்.

இரண்டாவது டொர்னாடோ எனும் சுழல் காற்று. இது ஒரே ஒரு பெரிய இடிமேகத்தின் பிள்ளை. மேகத்திலிருந்து யானைத் துதிக்கை போல் இறங்கித் தரையைத் தொடும். அகலம் பெரும்பாலும் சில நூறு மீட்டருக்குள், ஆயுள் சில நிமிடம். வேகமோ, கடுமையானவற்றில் மணிக்கு 300 கிலோமீட்டரையும் தாண்டும். 1978 மார்ச்சில் டெல்லியிலேயே அடித்தது. 1989 ஏப்ரலில் வங்கதேசத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

சித்திரை வெயிலில் தரிசில் சருகைச் சுழற்றும் புழுதிக் காற்று இதில் சேராது. அது சூடான தரையிலிருந்து கிளம்புவது. கோடை மழைக்கு முன் வாழையைச் சாய்ப்பதும் பெரும்பாலும் வேறு. இடிமேகத்தின் குளிர்காற்று கீழே விழுந்து பரவுவதே அது. மரங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தால் அந்தக் காற்று. குறுகிய பட்டையில் தாறுமாறாக முறுக்கிக் கிடந்தால் சுழல் காற்று என ஊகிக்கலாம்.

இரண்டுக்கும் உறவும் உண்டு. புயல் கரையை நெருங்கும்போது தரை உரசிக் கீழ்க்காற்று தயங்கும், மேல்காற்று ஓடும். இந்த வேற்றுமையால் புயலின் வெளிவட்ட மேகங்கள் முறுக்கேறிச் சுழல் காற்றை ஈனக்கூடும். 2021 மே 26 அன்று யாஸ் புயல் ஒடிசாவில் கரை கடந்தது. முதல் நாளே, தொலைவில் மேற்கு வங்கத்தின் ஹூக்ளி பகுதியில் சுழல் காற்று வீடுகளைப் பிய்த்தது. புயல் போகும் திசைக்கு வலப்புறமே இதற்கு வாய்ப்பு அதிகம். மேற்கு நோக்கி வரும் புயலுக்கு வலப்புறம் என்பது வடபுறம். சென்னையைக் குறிவைத்து வரும் புயலுக்கு நாம் அந்தப் பக்கம். இங்கே இது அபூர்வம் என்றாலும் தெரிந்திருக்க வேண்டும்.

புயலின் மையம் எங்கே என்று வயலில் நின்றே அறியலாம். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால், மையம் ஏறத்தாழ இடக்கைப் பக்கம் இருக்கும். 2016 டிசம்பர் 12 வர்தா போல மையம் நமக்குத் தெற்கே கடந்தால், காற்று வடகிழக்கில் தொடங்கிக் கிழக்காகி, தென்கிழக்குக்குத் திரும்பும். 1984 நவம்பரில் ஸ்ரீஹரிகோட்டா அருகே கடந்ததைப் போல வடக்கே போனால், வடமேற்கில் தொடங்கி மேற்காகி, தென்மேற்குக்கு மாறும். மையமே தலைக்கு மேல் வந்தால் காற்று திடீரென அடங்கும். அதை நம்பி மாட்டைப் பார்க்க ஓடக்கூடாது. எதிர்த்திசையிலிருந்து மறுபடி அடிக்கும்.

புயலுக்கு இரண்டு, மூன்று நாள் அவகாசம் கிடைக்கும். முற்றிய நெல்லை அறுத்து மேட்டுக்கு ஏற்றவும். வடிகால் வாய்களைத் திறக்கவும். வாழைக்குச் சவுக்குக் கம்பு முட்டுக் கொடுக்கவும். புயல் இங்கே கரையேறாது என்று சும்மா இருப்பதும் தவறு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் கடந்தது ஆந்திராவின் பாபட்லா அருகே. வெள்ளம் பார்த்தது நாம். சுழல் காற்றுக்கோ அவகாசமே இல்லை. தகரக் கொட்டகை, மோட்டார் செட்டு, மரத்தடியை விட்டு உறுதியான கட்டடத்துக்குள் போகவேண்டும். கட்டடம் எட்டாவிட்டால் பள்ளத்தில் குப்புறப் படுத்துத் தலையைக் காக்கவும்.

இழப்பீட்டிலும் வேறுபாடு உண்டு. பயிர்க் காப்பீடு பொதுவாகக் கிராமம் அல்லது பிர்க்காவின் சராசரி மகசூலைப் பார்த்தே தருகிறது. புயலில் எல்லோரும் இழப்பதால் சராசரி இறங்கும். நாலு வயலை மட்டும் சுழல் காற்று அழித்தால் சராசரியில் அது தெரியாது; கிராம நிர்வாக அலுவலரிடம் உடனே காட்டி நிவாரணம் கேட்பதே வழி. அறுத்து வயலில் உலர்த்திய நெல் 14 நாளுக்குள் புயல் மழையில் கெட்டால் தனியாகவே மதிப்பிடுவார்கள். ஆனால் 72 மணி நேரத்துக்குள் தகவல் கொடுத்திருக்க வேண்டும்.